இரண்டு ஓட்டை உயரம்

நான் மோட்டார் பழுது பார்க்கிறவன். சிப்பியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தின்பதும் இல்லை. சிப்பிக்குஞ்சு பொரிக்கிற பொரிப்பகத்தில் பதினோரு மோட்டார் ஓடுகிறது. கடல் தண்ணீரை இழுக்க ஒன்று, வடிகட்ட ஒன்று, சூடாக்க ஒன்று என்று. தினமும் ஏதாவது ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்கிற வேகத்துக்கு மனுஷன் சோறு தின்ன முடியாது. அதனால் எனக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. ஊரில் எல்லோருக்கும் நான் மோட்டார்தான். என் சொந்தப் பெயரை யாராவது சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நான் குடியிருப்பதும் பொரிப்பகத்தில் வேலை செய்கிற ஒருத்தி வீட்டில்தான். கீழே ஒற்றை அறையில் நான். மாடியில் அவளும் அவள் வீட்டுக்காரரும். சாப்பாடும் அவர்களோடுதான். அவளை எல்லோரும் லென்ஸக்கா என்பார்கள். சிப்பிக்குஞ்சு தூசு அளவு இருக்கும்போதே லென்ஸில் பார்த்து, இது இருக்கிறது, இது செத்துப்போய்விட்டது என்று பிரித்துச் சொல்கிறவள். சோற்றில் கிடக்கும் கல், சட்டையிலிருந்து விழுந்த பொத்தான், பொய் சொல்கிறவன் முகம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. என்னைவிட இரண்டு வயது சின்னவளாகத்தான் இருப்பாள். ஊரே அக்கா என்கிறபோது நான் மட்டும் என்ன பெரிய இவன் என்று நானும் அக்கா என்றே கூப்பிட்டுவிட்டேன். அவள் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன். விரிகுடாவில் பத்தொன்பது வரிசை கழி நட்டுச் சிப்பி வளர்த்தவர். அந்த வேலையைத் தவிர வேறு எதையும் தெரிந்துகொள்ள ஆசைப்படாத மனிதர்.

முதல் கோடையில் அவருடைய சிப்பியில் பாதி செத்தது. தண்ணீர் சூடேறிய ஒரு வாரத்தில் வந்த நோய். உயிரோடு இருக்கிற சிப்பி வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். செத்தது வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பை பையாகப் பிளந்து கிடந்தது. நாற்றம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. துவைத்துப் போட்ட துணியில்கூட ஏறியது. இரண்டாம் கோடையில் மிச்சமும் போனது. அவருடையது மட்டும் இல்லை, விரிகுடா முழுக்கவே. அதற்குப் பிறகு மாடியில் பேச்சு நின்றுவிட்டது. சண்டை போட்டு நிற்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். சண்டை என்றால் எனக்கும் பொழுதுபோகும். "உப்பு", "கதவு", "படுக்கட்டுமா" என்று மூன்று நான்கு வார்த்தைகளில் ஒரு நாள் முடிந்துவிடும். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள். நடுவில் உட்கார்ந்து நான் ஒருவன் மீன் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம்தான் பொரிப்பகத்தில் அக்கா அந்த வேலையை ஆரம்பித்தாள். சாவுக்குத் தப்பிப் பிழைத்த சிப்பிகளை விரிகுடா முழுக்கத் தேடிப் பொறுக்கி, இந்த அப்பனுக்கும் அந்த அம்மாவுக்கும் என்று ஜோடி சேர்த்து, நாற்பது குடும்பம் உண்டாக்கினாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண். குடும்பத்துக்கு இருநூறு குஞ்சு, ஒரு வலைப்பை. அந்த நாற்பது பையையும் கழிமுகத்தில், நோய் எங்கே மும்முரமாக இருக்குமோ சரியாக அங்கே கொண்டுபோய் மாட்டினாள். படகு இன்ஜின் என் பொறுப்பு என்பதால் நானும் கூடப் போனேன்.

"என்னக்கா இது, தெரிஞ்சே சாகுற இடத்துல கொண்டுவந்து கட்டுறீங்க?"

"ஆமா."

"மருந்து கிருந்து?"

"கிடையாது."

"எல்லாம் செத்துப்போச்சுன்னா?"

"சாகணும் மோட்டார். சாகத்தான் வைக்கிறோம். எது சாகலையோ அதுதான் எனக்கு வேணும். அதை வச்சு அடுத்த தலைமுறை. அதுல எது சாகலையோ, அதை வச்சு அதுக்கு அடுத்தது."

"இப்படி எத்தனை தலைமுறை?"

"அஞ்சாறு ஆகும். வருஷத்துக்கு ஒண்ணு."

"நல்ல பொழப்பு," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தண்ணீருக்குள் நட்டிருக்கிற கழிகளில் ஒரு சாணுக்கு ஒன்றாக ஓட்டை இருக்கும். பையின் கொக்கியை எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ, அதுதான் உயரம். மேல் ஓட்டையில் மாட்டினால் நீர் வற்றும்போது பை ரொம்ப நேரம் வெளியே தொங்கும். வெளியே தொங்குகிற சிப்பி வாயைத் திறக்காது. வாயைத் திறக்காவிட்டால் நோயும் உள்ளே போகாது. அப்புறம் என்ன, எல்லாவற்றையும் மேலே தூக்கி மாட்டிவிட வேண்டியதுதானே என்று நானும் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். வாயைத் திறக்காவிட்டால் தீனியும் உள்ளே போகாது, வருஷம் போனாலும் சிப்பி விரல் நுனி அளவுதான் இருக்கும், யார் வாங்குவார்கள் என்றாள். வெயில் உச்சத்தில் இருக்கிற நாலைந்து நாளைக்கு மட்டும் தூக்கி வைப்பது வளர்ப்பவர்களின் பழைய பழக்கம். ஆனால் இந்த நாற்பது பைக்கும் அந்தச் சலுகை கிடையாது. எல்லாம் கீழிருந்து மூன்றாவது ஓட்டை. யாரும் தொடக்கூடாது. தொட்டால் எது தன் பலத்தில் பிழைத்தது என்று தெரியாமல் போய்விடும்.

இதற்குக் காவலாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? அண்ணனை. அவருக்குத்தான் வேலை இல்லையே, பக்கத்தில் படகு வேறு இருக்கிறதே என்று பொரிப்பகத்து மேலாளர் போட்டார். பை அறுந்து போகாமல், யாரும் திருடிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வருஷம் சிப்பியைச் சாகவிடாமல் காப்பாற்றிய மனிதரை, சாகிறதைப் பார்த்துக்கொண்டிரு என்று உட்காரவைத்தார்கள். அப்போதே எனக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். நான் என்னத்தைக் கண்டேன், மோட்டாரைத் தவிர.

மூன்றாம் கோடை வந்தது. திங்கட்கிழமை திங்கட்கிழமை அக்கா வந்து ஒவ்வொரு பையாக அவிழ்த்துச் செத்ததை எண்ணுவாள். பிளந்ததை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டே, "அஞ்சாம் குடும்பம், நாற்பத்தொண்ணு. ஆறாம் குடும்பம், அறுபத்தேழு," என்று சொல்லிச் சொல்லி எழுதுவாள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற குரல். வாளி நிறைந்தால் அடுத்த வாளி. நாற்றத்துக்கு நான் சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

"கஷ்டமா இல்லையாக்கா?"

"எது?" என்று கேட்டாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

இரண்டாவது திங்கட்கிழமை மத்தியானம், நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பதினேழு நல்லா இருக்கு," என்றாள். "இருநூத்துல பத்துதான் போயிருக்கு. மத்ததெல்லாம் பாதிக்கு மேல போயிடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பல்லைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்ததால் நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

கோடை முடிந்தபோது முப்பத்தொன்பது பையில் ஐந்தும் ஏழும் எட்டுமாக மிஞ்சியிருந்தன. பதினேழாம் பையில் நூற்று அறுபத்தெட்டு. மேலாளர் சந்தோஷத்தில் குதித்தார். போன் மேல் போன் போட்டார். பதினேழிலிருந்து புதுக் குஞ்சு பொரித்து, அதை விதையாக முப்பது வளர்ப்பாளர்களுக்குக் கொடுக்கலாம் என்று கடிதம் அனுப்பினார். "கொஞ்சம் சிறுசா இருக்கே," என்று மட்டும் ஒருமுறை கேட்டார். "நோயோட மல்லுக்கட்டினதுக்கு வளர நேரம் எங்க இருக்கு?" என்றாள் அக்கா. சரிதானே என்று அவரும் விட்டுவிட்டார்.

எல்லோரையும்விட ஆடியவள் அண்ணனின் தங்கை. ஊரில் அவளுக்குச் சைரன் என்று பெயர். படித்துறையில் நின்று அவள் தன் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டால் எதிர்க்கரையில் இருப்பவன் எழுந்து வருவான். புருஷன் கப்பலில். இரண்டு பெண்கள். அண்ணனுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் சிப்பி வளர்க்கத் தண்ணீரில் ஒரு பங்கு இருந்தது. முதல் கோடையிலேயே எல்லாம் செத்துப்போனதால் இரண்டு வருஷமாகக் காலி. மூன்றாவது வருஷமும் காலியாகக் கிடந்தால் துறைமுக அலுவலகம் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதுதான் சட்டம்.

"அண்ணி, என் கையைப் புடிச்சுச் சொல்லுங்க. இந்தப் பதினேழு சாகாதுதானே?"

"இதுவரைக்கும் சாகலை."

"பாத்தியா மோட்டாரு, எங்க அண்ணி எப்பவும் இப்படித்தான். சாதம் வெந்துச்சான்னு கேட்டா இதுவரைக்கும் வெந்திருக்குன்னு சொல்லுவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "முதல் விதை எனக்குத்தான். மேலாளர் தலைகீழா நின்னாலும் சரி, முதல் விதை எனக்கு."

குளிர்காலத்தில் ஒரு நாள் முட்டை விடவைத்தார்கள். பதினேழாம் குடும்பத்துச் சிப்பிகளைத் தட்டுகளில் பரப்பி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்ற வேண்டும். கோடை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு முட்டையை விடும். ஏமாற்று வேலைதான். சூடேற்றுகிற மோட்டார் இருமிக்கொண்டிருந்ததால் காலையிலிருந்து நான் அதன் பக்கத்திலேயே கிடந்தேன். முதலில் ஓர் ஆண் சிப்பி ஓட்டின் விளிம்பிலிருந்து பால் கரைவதுபோல வெள்ளையாக விட்டது. பிறகு பெண் சிப்பிகள் ஓட்டைப் படக் படக்கென்று அடித்து, ரவையைத் தூவினமாதிரி முட்டைகளைத் தூவின. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தார். எப்போதும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர். ஈரத் தரையில் செருப்போடு வந்து தட்டுகளைப் பார்த்தபடி நின்றார்.

"இது பதினேழா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

"எல்லாமே. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அவர் கழற்றவில்லை. "இதை எடுக்காதே," என்றார்.

"என்ன?"

"இதை விதைக்கு எடுக்காதே. நான் தூக்கி வச்சேன்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று மோட்டாரை நிறுத்தினேன். அக்கா திரும்பாமலே, "ஏன் நிறுத்தினே? சூடு இறங்கிடும். போடு," என்றாள். போட்டேன்.

"எத்தனை ஓட்டை?" என்று அவரைக் கேட்டாள்.

"ரெண்டு."

"எத்தனை நாள்?"

"பத்தொன்பது நாள். வெயில் ஏறுற அன்னைக்கெல்லாம் தூக்கி மாட்டுவேன். திங்கக்கிழமை நீ வர்றதுக்கு முன்னாடி இறக்கிடுவேன்."

"பதினேழை மட்டும்?"

"மட்டும்தான்."

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள் வயது என்ன, எடை என்ன என்று கேட்பாளே, அப்படிக் கேட்டாள். அவரும் அப்படியே பதில் சொன்னார். கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

"ஏண்ணே, உங்களுக்கு மூளை கீளை இருக்கா? தொடக்கூடாதுன்னு தலைதலையா அடிச்சுச் சொன்னாங்களா இல்லையா? முப்பது வீட்டுக்கு விதை போகப்போகுது. உங்க தங்கச்சி அங்க கழி கழியா உப்பைச் சுரண்டிக்கிட்டு நிக்கிறா. காவலுக்குப் போட்ட ஆளே..."

"நீ பேசாம இரு மோட்டார்," என்றாள் அக்கா.

அண்ணன் அவளைப் பார்த்துத்தான் பேசினார். அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. "பதினேழு நல்லா இருக்குன்னு அன்னைக்குச் சொன்னே. சொல்லிட்டுச் சிரிச்சே. மறுநாள் போய்ப் பாக்குறேன், தண்ணி கொதிக்குது. பக்கத்துப் பையெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு. இதுவும் நாளைக்குப் பொளந்துடும்னு தெரியுது. திங்கக்கிழமை நீ வந்து அவிழ்த்து எண்ணுவே. அதை என்னால பாக்க முடியாதுன்னு தோணிச்சு. கை தானா போயிடுச்சு. தூக்கி மாட்டினேன். ஒரு நாளைக்குன்னுதான் நெனச்சேன்."

அக்கா ஒரு சிப்பியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மத்த முப்பத்தொன்பது பையையும் கோடை முடிஞ்சு தேய்ச்சுக் கழுவினேன்," என்றாள். "ஓட்டு மேல பூராவும் பாசியும் கல்லு மாதிரிப் புடிச்சுக்குற கொட்டலசும் ஒட்டிக்கிட்டு வளந்திருந்துச்சு. ரெண்டு பிரஷ் தேஞ்சுபோச்சு. பதினேழைத் தேய்க்க வேண்டிய அவசியமே இல்ல. ஓடு பளிச்சுன்னு இருந்துச்சு. தண்ணிக்கு வெளியே கிடந்த ஓடுதான் அப்படி இருக்கும். இது எனக்குத் தெரியாதா?"

அண்ணன் கேட்டார், "தெரிஞ்சுமா?"

"உயரம்னு ஒரு கட்டம் இருக்கு ஃபாரத்துல. மூணாவது ஓட்டைன்னு எழுதினேன். உங்களைக் கேட்டா சொல்லிடுவீங்கன்னு கேக்கல."

பிறகு அவள் சல்லடையை எடுத்து முட்டைகளை வடித்தாள். முட்டை விட்டாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது என்று சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அண்ணன் தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அந்தச் சோற்றை நான்தான் தின்றேன். பசிக்கத்தான் செய்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குஞ்சுகள் நீந்தின. பாசி கலந்த பச்சைத் தண்ணீரை அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். நீந்துவதை விட்டு அடியில் ஒட்டின. மிளகு அளவு வந்தன. மாடியில் "உப்பு", "கதவு", "படுக்கட்டுமா". இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், எனக்கும் தெரியும், மூன்று பேரும் மீன் தின்றுகொண்டிருந்தோம். கீழே முற்றத்தில் சைரன் தன் பைகளைக் கொண்டுவந்து போட்டுத் தினமும் தேய்ப்பாள், கிழிசல் தைப்பாள்.

"என்ன மோட்டாரு, ஒரு வாரமா மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கே? பொண்ணு கிண்ணு பாத்து வேண்டாம்னுட்டாளா?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுப்பா, நான் போய்ப் பேசுறேன். இந்த ஆளுக்குக் கை பூரா கிரீஸ், ஆனா மனசு சுத்தம்னு சொல்றேன்." பையைத் திருப்பிப் போட்டாள். "சின்னவ நேத்து என்ன கேட்டா தெரியுமா? அம்மா, இந்த வருஷம் நம்ம தண்ணியில சிப்பி இருக்குமான்னு. இருக்கும்டீ, அத்தை பெத்த சிப்பி இருக்கும்னேன். அத்தை எப்படிம்மா சிப்பி பெத்தாங்கன்னு ஒரே கேள்வி." அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

நான் நேராக மாடிக்கு ஏறினேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன்னு சொன்னாலும் பரவாயில்ல. என்னால முடியல."

"கத்தாதே. கீழே கேக்கும்."

"கேக்கட்டும்கா. கேக்கணும்னுதான் கத்துறேன்."

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது மோட்டார்," என்றாள். "பயமும் வரல, அழுகையும் வரல. அவரு மேல கோவம்கூட வரல. சொல்லணும்னு தெரியுது. வாயைத் திறக்கணுமே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைரனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் தட்டு முன்னால் உட்கார்ந்து முதல் கவளம் வாய்க்குப் போகும்போதே அக்கா சொல்லிவிட்டாள். ஓட்டை, நாள், ஃபாரம், எல்லாம் வரிசையாக. "அவரு தூக்கினாரு. நான் பாத்தேன். பாத்துட்டு மாத்தி எழுதினேன். அந்த விதை சாகும்னுதான் நெனைக்கிறேன்."

நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். சைரன் கத்தவே இல்லை. கையில் இருந்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"எனக்கு மட்டும் சொன்னீங்களா, எல்லாருக்கும் சொல்லப்போறீங்களா?"

"நாளைக்கு மேலாளர்கிட்ட."

"ம்," என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "உன்னோடது பத்தொன்பது வரிசையும் செத்தப்ப நான்தானே கூட நின்னு வாரிக் கொட்டினேன். அப்ப தூக்கி வைக்கத் தெரியலையா உனக்கு? இதைப் போய்த் தூக்கினியே அண்ணே." அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மேலாளர் கத்தித் தீர்த்தார். முப்பது பேருக்கும் விதை இல்லை என்று கடிதம் எழுதினார். அக்காவை லென்ஸிலிருந்து எடுத்துத் தொட்டி கழுவப் போட்டார். விதையை வடிகாலில் கொட்டச் சொன்னார். கொட்டப் போகிற அன்றைக்குச் சைரன் இரண்டு வாளியோடு வந்து நின்றாள்.

"கொட்டுறதை எனக்குக் கொடுங்க."

"இது சாகுற விதைம்மா," என்றார் மேலாளர்.

"தெரியும். எங்க வீட்டுல செஞ்ச வேலைதானே."

அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், நானும் பக்கத்தில் இருந்தேன். "மேல் ஓட்டையில மாட்டு. வளராது, ஆனா சாகாம கிடக்கும். தண்ணியில சிப்பி இருக்குன்னு காட்டினா உன் பங்கை எடுக்க மாட்டாங்க. ஒரு வருஷம் தள்ளலாம்."

"தள்ளி?"

அக்கா குனிந்து விதை வாளியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மூணாவது ஓட்டையில மாட்டுறேன் அண்ணி. எது சாகாதுன்னு எனக்கும் தெரியணும்ல? எத்தனை வருஷம் தூக்கித் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிறது." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நீ என் பங்குப் பக்கம் வந்து கொக்கியில கை வச்சே, வெட்டிடுவேன். சொல்லிட்டேன்."

பன்னிரண்டு பை மாட்டினாள். பைக்கு இருநூறு. நான்காம் கோடையில் தண்ணீர் நேரத்தோடே சூடேறிவிட்டது. தினமும் அண்ணன் படகை எடுத்துக்கொண்டு போய் அவள் பங்குக்கு வெளியே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் போகச் சொல்லவில்லை. இன்ஜின் பார்க்கிற சாக்கில் ஒரு நாள் நானும் போனேன். நீர் வற்றிக்கொண்டிருந்தது. பைகளில் ஒன்று இரண்டு பிளக்க ஆரம்பித்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்து வழிந்தது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. "வீட்டுக்குப் போலாம்ணே," என்றேன். "நீ போ," என்றார்.

சூடு தணிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் எண்ணப் போனோம். அக்காவுக்கு இப்போது எண்ணுகிற வேலை இல்லை, ஆனாலும் லீவு போட்டுவிட்டு ஃபாரத்தோடு வந்தாள். சைரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பையை அவிழ்த்துப் படகுக்குள் கொட்டினாள். அவளுக்குக் கரையில் மீன் பெட்டி கட்டுகிற இடத்தில் வேலை சொல்லியாகிவிட்டது. பங்கைத் திருப்பிக் கொடுக்க மனுவும் எழுதி வைத்திருந்தாள்.

"உயரம்?" என்று அக்கா கேட்டாள்.

"மூணாவது ஓட்டை," என்றாள் சைரன்.

அக்கா குனிந்து கழியை எட்டிப் பார்த்தாள். கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் எழுதினாள். எழுதிவிட்டு அண்ணனிடம், "நீங்க எண்ணுங்க," என்றாள்.

"நானா?"

"நீங்கதான். சத்தமா எண்ணுங்க."

அவர் எண்ணினார். பிளந்ததை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டே ஒன்று, இரண்டு என்று. மூடியிருப்பதை எடுத்துக் காதருகில் வைத்துத் தட்டிப் பார்த்து, கனத்த சத்தம் வந்தால், உயிர் இருக்கிறது என்று, ஈரச் சாக்கு மூடிய கிண்ணத்தில் வைத்தார். முதல் பையில் மூன்று தேறின. இரண்டாம் பையில் ஒன்றுமில்லை. ஏழாம் பையில் ஆறு. சாதாரணச் சிப்பியிலும் இவ்வளவுதான் மிஞ்சும் என்று அக்கா சொன்னாள். பதினேழில் விசேஷம் ஒன்றும் இருக்கவில்லை. வாளிகள் நிறைந்தன. அவர் குரல் முதலில் அவளுடைய அந்தப் பழைய டிக்கெட் குரலாகவே இருந்தது. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் எங்கேயோ அது உடைந்தது. ஒரு சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்ல முடியாமல் தோள் குலுங்க அழுதார். தன்னுடைய பத்தொன்பது வரிசைக்கு அழாத மனிதர். வாயைப் பிளந்து, சத்தம் போட்டு அழுதார்.

நான் எழுந்து அவர் தோளைப் பிடிக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று கை காட்டினாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, துடைக்கவில்லை.

"ஆயிரத்து அறுநூத்து இருபத்தி ரெண்டு வரைக்கும் எழுதியிருக்கேன்," என்றாள். "சொல்லுங்க. நிறுத்தாதீங்க. அழுதுக்கிட்டே சொல்லுங்க."

"இருபத்தி மூணு," என்றார் அண்ணன்.

"ம்."

"இருபத்தி நாலு."

"ம்."

சைரன் மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு அடுத்த பையின் கொக்கியைக் கழற்றினாள். "இந்தா, புடி அண்ணே," என்றாள். "இன்னும் மூணு பை இருக்கு."